குட்டி யானையின் பேஸ் பெட்டி: ஒலிப் பாடத்திற்கு ஒரு சாலையோரத் துணைக்கருவி

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரம் பகுதி விடியுமுன்பே விழித்துவிடும். மீன் சந்தைக்கு ஐஸ் பெட்டிகளுடன் வரும் வண்டிகள், கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் வண்டிகள், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு உதிரிபாகம் கொண்டு செல்லும் வண்டிகள் என்று சிறு சரக்கு வாகனங்களின் ஓட்டம் நாள் முழுவதும் ஓயாது. இவற்றை ஓட்டுபவர்களில் பலர் நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள், மாமாக்கள், அண்ணன்கள். நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் அந்தச் சிறிய கேபினுக்குள்தான் அவர்களது வாழ்க்கை. அங்கே பாட்டு என்பது ஆடம்பரம் அல்ல; தூக்கம் விரட்டுவதும் அதுதான், பேச்சுத் துணையும் அதுதான்.

அந்தப் பாட்டு பள்ளியைக் கடக்கும்போது என்ன நடக்கிறது என்பதை நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் அறிவார்கள். பாடலின் சொற்கள் கேட்பதில்லை. ‘தும் தும்’ என்ற அடியொலி மட்டும் சுவரைத் தாண்டி வகுப்புக்குள் வருகிறது. ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்குகிறது. பின் வரிசையில் ஒரு மாணவர் வண்டியின் பெயரையும், அதில் இருப்பது எத்தனை அங்குல சப்வூஃபர் என்பதையும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

நாம் அப்போது கரும்பலகையில் அதிர்வெண், அலைநீளம், திசைவேகம் ஆகியவற்றின் தொடர்பை எழுதிக்கொண்டிருப்போம். பாடமும் சாலையும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் அந்த மாணவருக்கு அது தெரிவதில்லை. சரக்கு வண்டியில் சப்வூஃபர் பொருத்துவது, பொருத்தியபின் எழும் கடகடப்பை அடக்குவது ஆகிய இரண்டு வேலைகளையும் அறிவியலாக விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். பத்தாம் வகுப்புக்குப் பின் நம் மாணவர்களில் சிலர் ஸ்டீரியோ பொருத்தும் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே கைப்பழக்கம் கிடைக்கும். காரணம் சொல்லித்தர ஆள் இருப்பது அரிது. காரணம் தெரியாமல் செய்யும் வேலையில் கருகிய கம்பிகளும் கெட்டுப்போன காதுகளும் மிஞ்சுகின்றன.

சப்வூஃபர் செய்யும் வேலை

மனிதக் காது உணரக்கூடிய அதிர்வெண் நெடுக்கம் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. இதில் அடிப்பகுதியான 20 முதல் சுமார் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை எழுப்புவதற்கென்றே செய்யப்பட்ட ஒலிபெருக்கிதான் சப்வூஃபர். பேஸ் கித்தாரின் தாழ்ந்த சுரங்கள் பெருமளவு இங்கேதான் வாழ்கின்றன.

கதவில் இருக்கும் சாதாரண ஒலிபெருக்கி இதை ஏன் செய்ய முடியாது? ஒரே உரப்பில் ஒலி வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். 200 ஹெர்ட்ஸில் கால் மில்லிமீட்டர் அசைந்த கூம்பு, 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டரும், 50 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டரும் அசைய வேண்டும். கதவில் உள்ள மெல்லிய ஒலிபெருக்கிக்கு அவ்வளவு தூரம் போகும் வசதி இல்லை. ஒலியைக் கூட்டினால் கூம்பு எல்லையை முட்டிக் கரகரக்கும். சப்வூஃபரின் கூம்பு அகலமாகவும், அதன் ஓரத்து ரப்பர் வளையம் தடிப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இனி அலைநீளத்தைக் கணக்கிடுவோம். நம் ஊர் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் திசைவேகத்தை விநாடிக்கு 350 மீட்டர் என்று கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 350-ஐ 50-ஆல் வகுத்தால் 7 மீட்டர். ஆனால் சிறு சரக்கு வண்டியின் கேபின் முன்பின்னாக ஒன்றரை மீட்டர்தான். ஏழு மீட்டர் அலை ஒன்றரை மீட்டர் அறைக்குள் எப்படி அடங்கும்?

மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடலாம். ‘அடங்காது, அதனால் கேட்காது’ என்றும் சிலர் சொல்வார்கள். கேட்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். விடை இதுதான்: கேபினுக்குள் அலை பயணம் செய்வதில்லை. சைக்கிள் பம்பில் காற்றை அழுத்துவதுபோல், சப்வூஃபரின் கூம்பு கேபின் காற்று முழுவதையும் ஒரே சமயத்தில் அழுத்தித் தளர்த்துகிறது. விநாடிக்கு ஐம்பது முறை அழுத்தம் கூடிக் குறைகிறது. காது அதை ஒலியாக உணர்கிறது. அரை அலைநீளம் கேபினுக்குள் அடங்கத் தொடங்குவதே சுமார் 115 ஹெர்ட்ஸுக்கு மேல்தான்.

இதிலிருந்து மூன்று நடைமுறை உண்மைகள் கிடைக்கின்றன. ஒன்று, சிறிய கேபினுக்குப் பெரிய சப்வூஃபர் தேவையில்லை. கல்யாண மண்டபத்தில் நான்கு பெரிய பெட்டிகள் செய்யும் வேலையை இங்கே எட்டு அங்குலம் செய்துவிடும். இரண்டு, இந்தத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடிக்க இயலாது. எனவே பெட்டியை இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ மறைத்து வைக்கலாம். மூன்று, கண்ணாடியைச் சிறிது இறக்கினாலே மிகத் தாழ்ந்த ஒலி குறைந்துவிடும். பம்பில் ஓட்டை விழுந்தால் காற்று ஏறாததுபோல்தான்.

பெட்டி எதற்கு?

சப்வூஃபரை வாங்கி அப்படியே இருக்கைக்குப் பின்னால் சாய்த்து வைத்தால் அடியொலி ஏறக்குறைய வராது. கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று இறுக்கமடைகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்ச்சி அடைகிறது. தடுப்பு இல்லாவிட்டால் முன்னே இறுகிய காற்று ஓரமாக வழிந்து பின்னே உள்ள தளர்ச்சியை நிரப்பிவிடும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டியின் முதல் வேலை முன்பக்க ஒலியையும் பின்பக்க ஒலியையும் பிரித்து வைப்பது.

இதை வகுப்பில் காட்ட ஐந்து நிமிடம் போதும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியில் பாட்டு ஓடட்டும். ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் ஒலிபெருக்கியின் அளவுக்கு வட்டமாகத் துளையிட்டு, அந்தத் துளையின்மேல் ஒலிபெருக்கியை அழுத்திப் பிடியுங்கள். சத்தம் சட்டெனத் தடிப்பதை வகுப்பு முழுவதும் கேட்கும்.

பெட்டிகளில் இரண்டு வகை பரவலாக உள்ளன. முழுதும் மூடிய பெட்டி சிறியது. அடி தெளிவாக விழும். குழாய் வைத்த பெட்டி பெரியது. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் அருகே ஒலி மிகுந்து வரும். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரு சுரம் எழுகிறதே, குழாய்ப் பெட்டியின் தத்துவமும் அதுவே. பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி ஊதினால் சுரம் உயரும். பெட்டியின் கொள்ளளவு குறைந்தாலும் அப்படித்தான். ஆகவே குழாய்ப் பெட்டியைக் கணக்கிடாமல் இஷ்டத்துக்குச் சிறிதாக்க முடியாது. இடம் குறைவான சரக்கு வண்டிக்கு மூடிய பெட்டியோ, இருக்கைக்கு அடியில் வைக்கும் ஆம்ப் இணைந்த தட்டைப் பெட்டியோதான் பொருத்தம். குட்டி யானையில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருப்பதால், அங்கே சூடு படாத இடம் பார்த்தே வைக்க வேண்டும்.

பெட்டியை இறுக்கிப் பொருத்துவது ஒலிக்காக மட்டும் அல்ல. 15 கிலோ எடையுள்ள பெட்டி இருக்கைக்குப் பின்னால் சும்மா வைக்கப்பட்டிருக்கிறது. வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிரே மாடு வந்து ஓட்டுநர் சட்டென நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலைமப் பண்பால் பெட்டி அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்ல முயலும். அந்த வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர். பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழும் பெட்டி தரையைத் தொடும்போது பெறும் வேகம் அது. நியூட்டனின் முதல் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் பார்த்ததில்லை. நான்கு போல்ட், பெரிய வாஷர், அடியில் ரப்பர் என்று வண்டியின் சட்டத்தோடு பிணைத்தே பெட்டியை வைக்க வேண்டும்.

கம்பியின் தடிமனும் ஃப்யூஸும்

இந்த வேலையில் உயிரோடு விளையாடும் இடம் மின்சாரம்தான். ‘12 வோல்ட் தானே, ஷாக் அடிக்காது’ என்று மாணவர்கள் சொல்வார்கள். ஷாக் அடிக்காது; ஆனால் தீப்பிடிக்கும்.

ஆம்ப் 240 வாட் எடுத்துக்கொள்கிறது என்போம். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. 240-ஐ 12-ஆல் வகுத்தால் 20 ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும் மின்விசிறியின் மின்னோட்டம் அரை ஆம்பியருக்கும் குறைவு. 20 ஆம்பியர் எவ்வளவு பெரியது என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை 3 மீட்டர் செம்புக் கம்பி தேவை. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் அதன் மின்தடை சுமார் 0.034 ஓம். அதில் 20 ஆம்பியர் ஓடும்போது இழக்கப்படும் மின்னழுத்தம் 0.68 வோல்ட்; கம்பியில் வெப்பமாக மாறும் திறன் 13.6 வாட். கம்பளத்துக்கு அடியில், காற்றுப் புகாத இடத்தில், மணிக்கணக்கில் இந்தச் சூடு சேர்ந்துகொண்டே போகும். அதே இடத்தில் 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் மின்தடை 0.0051 ஓம், மின்னழுத்த இழப்பு 0.1 வோல்ட், வெப்பம் 2 வாட். பத்தாம் வகுப்பு மாணவர் ஓம் விதியையும் மின்தடை எண்ணையும் வைத்து இந்தக் கணக்கைத் தாமே போட்டுவிடலாம்.

ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, கம்பியைக் காப்பாற்ற. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள கம்பிக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதனால் ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே, அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் அருகில் ஃப்யூஸ் வைத்தால், நடுவழியில் கம்பி உரசி வண்டியின் இரும்பு உடலைத் தொடும்போது அந்த ஃப்யூஸால் பயன் இல்லை. இரும்புத் தகட்டைத் துளைத்துக் கம்பி போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். ஃப்யூஸ் போனால் அதற்குப் பதிலாகச் செம்பு இழையைச் சுற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு, வண்டிகளிலும் உண்டு. அதைத் தவறென்று சொல்வதோடு நிறுத்தாமல், மேலே உள்ள கணக்கையும் காட்டினால் மாணவர் மனத்தில் நிற்கும்.

மைனஸ் இணைப்பை வண்டியின் உடலில் கொடுக்கும்போது பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின்மேல் இறுக்க வேண்டும். பெயின்ட் ஓர் அரிதிற்கடத்தி. இந்த ஓர் இணைப்பு சரியில்லாவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் ‘கீய்ய்’ ஒலி பாட்டோடு சேர்ந்து வரும்.

கடகடப்பு எங்கிருந்து வருகிறது?

செட் பொருத்தி முடித்து, முதல் பாட்டைப் போட்டதும் ஓட்டுநர் கேட்கும் கேள்வி: ‘இது என்னப்பா, தகரம் அடிக்கிற மாதிரி இருக்கு?’ சப்வூஃபர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் சப்வூஃபர் நன்றாகவே இருக்கும், வண்டிதான் பாடுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதே அதிர்வெண்ணில் அமைந்தால் பொருளின் அதிர்வு வீச்சு பெருகுகிறது. இதுவே ஒத்ததிர்வு. ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலே போதுமே, அதுபோல. கேபினின் பின்சுவர், கூரை, கதவு ஆகியவை பெரிய மெல்லிய தகடுகள். அவற்றின் இயல்பு அதிர்வெண்கள் பெரும்பாலும் சப்வூஃபரின் நெடுக்கத்துக்குள்ளேயே விழுகின்றன.

எஞ்சினும் இதில் பங்காளி. இரண்டு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓர் எரிதல் நடக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சி என்றால் விநாடிக்கு 50 எரிதல். அதாவது 50 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு எரிதல். நிமிடத்துக்கு 2,400 சுழற்சியில் 80 ஹெர்ட்ஸ். பாட்டின் அடியொலி வாழும் அதே இடத்தில் எஞ்சினின் உறுமலும் வாழ்கிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வண்டி முழுவதும் ‘கும்’மென்று அதிர்ந்து, வேகம் கூடியதும் அடங்கிவிடுவதை எல்லா ஓட்டுநர்களும் அறிவார்கள். அதுவும் ஒத்ததிர்வே.

எந்த இடம் அதிர்கிறது என்று கண்டுபிடிக்க எளிய முறை உண்டு. கைபேசியில் ஒரே அதிர்வெண் ஒலியை எழுப்பும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒலி அளவை மிதமாக வைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஏதோ ஓர் எண்ணில் ஏதோ ஒன்று கடகடக்கும். அங்கே நிறுத்தி, இன்னொருவர் உள்ளங்கையால் ஒவ்வோர் இடமாக அழுத்த வேண்டும். கை வைத்ததும் எங்கே சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். 42-இல் நம்பர் பிளேட், 58-இல் பின்சுவர், 75-இல் கதவுப் பலகை என்று ஒரு பட்டியல் தயாராகிவிடும்.

மிருதங்கம் சொல்லித்தரும் பாடம்

பட்டியலில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, தளர்ந்து ஒன்றோடொன்று மோதுபவை: நம்பர் பிளேட், கண்ணாடிச் சட்டம், பிளாஸ்டிக் கிளிப், கதவுக்குள் தொங்கும் கம்பி, டாஷ்போர்டில் கிடக்கும் சில்லறை. இவற்றுக்கு வேண்டியது இறுக்கமும் இடையில் ஒரு மெத்தையும். ஒரு ஸ்பேனர், கொஞ்சம் ஃபோம் டேப், பழைய டியூப் ரப்பர் துண்டு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கடைக்காரர்கள் இதைச் செய்யாமல் நேரே ஷீட் ஒட்டத் தொடங்கினால் காசுதான் வீண்.

இரண்டாவது, தகடே அதிர்வது. இதற்குத்தான் கடைகளில் டேம்பிங் ஷீட் விற்கிறார்கள். பியூட்டைல் ரப்பரின் மேல் மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட் அது. அது செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று, தகட்டின் நிறையைக் கூட்டுகிறது. நிறை கூடினால் இயல்பு அதிர்வெண் குறையும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் வித்வான்கள் ரவையைப் பிசைந்து ஒட்டுவதைப் பார்த்திருப்போம். தோலின் நிறையைக் கூட்டி, அதன் சுரத்தைத் தாழ்த்தும் வித்தை அது. வலந்தலையில் உள்ள கரணையும் நிறையைக் கணக்காகப் பரப்பி வைத்த ஏற்பாடுதான். அந்தக் கரும்பூச்சால் தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து அமைவதை ஆய்வு செய்து 1920-இல் எழுதியவர் சர் சி. வி. இராமன். திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அவர் தோற்கருவிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளன்று இதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

இரண்டாவது வேலை இன்னும் முக்கியமானது. தகடு வளையும்போது, மேலே உள்ள அலுமினியத் தாள் எளிதில் நீள மறுக்கிறது. இடையில் சிக்கிய ரப்பர் முன்னும் பின்னும் இழுபடுகிறது. இழுபடும் ரப்பர் அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஆற்றல் அழியவில்லை, உருமாறுகிறது. எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டினால் ‘டிங்’ என்று நீண்டு ஒலிக்கும். விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு தட்டினால் ‘டக்’கென்று நின்றுவிடும். விரல் செய்வதைத்தான் ஷீட் செய்கிறது. கதவுத் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால், எங்கே ‘டங்’ என்று ஒலிக்கிறதோ அங்கே ஒட்ட வேண்டும். ‘டக்’ என்ற இடத்தில் தேவையில்லை. தகட்டின் பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, நடுப்பகுதியில் ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். முழுவதும் ஒட்டுவதால் எடையும் செலவும் கூடுமே தவிர, அதே விகிதத்தில் பயன் கூடாது.

ஒட்டுமுன் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் நன்கு துடைக்க வேண்டும். உருளையால் அழுத்தி, இடையில் காற்று இல்லாமல் ஒட்ட வேண்டும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது; ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். சைலன்ஸர், எஞ்சின் அருகே இதை ஒட்டக் கூடாது. தார் கலந்த மலிவான ஷீட்டுகள் சித்திரை வெயிலில் உருகி வழிந்து நாற்றமடிக்கும்.

மூன்றாவது, ஓட்டைகள். கியர் லீவர் அடி, பெடல் துளை, கிழிந்த கதவு ரப்பர் ஆகியவற்றின் வழியே எஞ்சின் ஒலியும் காற்றொலியும் உள்ளே வருகின்றன. கதவு ரப்பரை மாற்றுவது குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் வேலை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் பார்த்துவிடுவோம். முட்டை அட்டை, தெர்மகோல், மெல்லிய ஸ்பாஞ்ச் ஆகியவற்றைச் சுவரில் ஒட்டினால் பேஸ் வெளியே போகாது என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பாஞ்ச் ஓர் ஒலியை நன்கு உட்கவர, அதன் தடிமன் ஏறக்குறைய அந்த ஒலியின் கால் அலைநீளத்தை எட்ட வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 1.75 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் முட்டை அட்டை அதன்முன் எம்மாத்திரம்? தாழ்ந்த ஒலியைத் தடுக்க எடை வேண்டும். தடுப்பின் எடையை இருமடங்காக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும். பள்ளிச் சுவரையே தாண்டி வரும் அடியொலியை முட்டை அட்டை தடுக்காது.

கடகடப்பு ஒரு செய்தியும்கூட

எல்லாச் சத்தத்தையும் அடக்க வேண்டியதில்லை. பட்டைச் சுருளின் போல்ட் தளர்ந்தாலும், சைலன்ஸரின் பிடி உடைந்தாலும், சக்கர நட்டு கழன்றாலும், அதை முதலில் ஓட்டுநரிடம் சொல்வது சத்தம்தான். எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது பாட்டுக்கு மட்டும் வரும் கடகடப்பு தகட்டினுடையது. பாட்டை நிறுத்தியபின், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வரும் கடகடப்பு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது. இவ்விரண்டையும் பிரித்தறிந்த பிறகே ஷீட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

எவ்வளவு போதும்?

ஓட்டுநர் ஏன் ஒலியைக் கூட்டுகிறார்? பெரும்பாலும் எஞ்சின், காற்று, தகடு ஆகியவற்றின் இரைச்சலை மீறிப் பாட்டைக் கேட்பதற்காக. டெசிபல் அளவுகோலில் 3 டெசிபல் கூட்ட, ஆம்பின் திறனை இருமடங்காக்க வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. மாற்றி யோசித்தால், கேபின் இரைச்சலை 3 டெசிபல் குறைப்பது ஆம்பை இருமடங்கு பெரிதாக்குவதற்குச் சமம். பெரிய ஆம்ப் வாங்கும் பணத்தில் கதவு ரப்பரையும் நான்கைந்து ஷீட்டுகளையும் வாங்கினால், பாட்டும் கேட்கும், காதும் பிழைக்கும், பேட்டரியும் தாங்கும். இக்கட்டுரையிலிருந்து ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை ஒருவர் தம் அப்பாவிடம் கொண்டுபோக வேண்டிய ஒரே செய்தி எதுவென்றால் அது இதுதான்.

காதுக்கு எவ்வளவு ஒலி தாங்கும் என்பதற்குப் பணியிடப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். பெருக்குத் தொடருக்கு நல்ல எடுத்துக்காட்டு. உட்செவியில் உள்ள மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்ற ஒலி கேட்டால், அது எச்சரிக்கை.

கைபேசிச் செயலியில் டெசிபல் அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல செயலிகள் காதின் இயல்பை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும். 50 ஹெர்ட்ஸில் இந்தக் குறைப்பு ஏறக்குறைய 30 டெசிபல். உண்மையில் 100 டெசிபல் அழுத்தம் இருந்தாலும் திரையில் 70 என்றே தெரியும். ‘எழுபதுதான் காட்டுது சார்’ என்று மாணவர் சொல்லும்போது வகுப்பின் ஜன்னல் நடுங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுவே.

வெளியே இருப்பவர்களின் உரிமையும் உண்டு. ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்கள் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்பதே வரம்பு. ஒலிபெருக்கியில் இசை ஒலிப்பதும் அங்கே விதிமீறல். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலி ஓட்டுநரின் காதில் விழ வேண்டும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

தொடக்கநிலை: பிளாஸ்டிக் டப்பாவின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, மேலே நான்கு அரிசி மணிகளை வையுங்கள். அருகில் தட்டைத் தட்டினால் அரிசி குதிக்கும். ஒலி என்பது அசைவு என்பதைக் குழந்தைகள் கண்ணால் காண்பார்கள். தம்ளர், விரல் சோதனையையும் சேர்க்கலாம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: மேசை விளிம்பில் ஸ்கேலை நீட்டி அதிரவைத்து, நீளம் மாற மாறச் சுருதி மாறுவதைக் கேட்கச் செய்யுங்கள். பிறகு அதன் நுனியில் களிமண் உருண்டை ஒட்டி மீண்டும் அதிரவையுங்கள். நிறை கூடினால் அதிர்வு மெதுவாவது தெரியும். வானவில் மன்றச் செயல்பாடுகளுடன் இதை இணைக்கலாம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகள்: மேலே கண்ட அலைநீளம், கம்பியின் மின்தடை, பெட்டியின் வேகம், டெசிபலுக்குரிய நேரம் ஆகிய நான்கு கணக்குகளையும் எண்களை மாற்றிக் கொடுக்கலாம். வகுப்பறை ஜன்னலுக்கு அருகே ஒலிபெருக்கி வைத்து, எந்த அதிர்வெண்ணில் கண்ணாடி நடுங்குகிறது என்று கண்டுபிடிக்கச் செய்யலாம். ஒலியை மிதமாக வைத்தாலே போதும்.

மேல்நிலைத் தொழிற்பாடப் பிரிவு: ஃப்யூஸ் எங்கே, கம்பி எத்தனை தடிமன், எர்த் எங்கே என்று ஒரு வண்டியின் மின்சுற்றை வரையச் செய்யலாம். மாணவர்கள் வரையட்டும், பேட்டரியில் கை வைக்க வேண்டாம்.

ஓட்டுநராக உள்ள பெற்றோர் ஒருவரை ஒரு பாடவேளைக்கு அழைத்துப் பாருங்கள். எந்த வேகத்தில் தன் வண்டி உறுமும், எந்தச் சத்தம் எதைக் குறிக்கும் என்று அவர் சொல்வார். அவற்றுக்கான அதிர்வெண்ணை மாணவர்கள் கணக்கிட்டுச் சொல்வார்கள். தேர்வில் பின்தங்கும் மாணவர் பலர் இந்தப் பாடவேளையில் முன்வரிசைக்கு வருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வண்டிச் சத்தத்தைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும்; அதற்குரிய அறிவியல் சொற்களும் கணக்கும் மட்டும்தான் நம்மிடமிருந்து கிடைக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசலாம். அமைதி மண்டலம் என்ற பலகையைப் பள்ளிக்கு 100 மீட்டர் முன்பாகவே வைக்க உள்ளாட்சி அமைப்பைக் கேட்கலாம். பலகையில் எழுத வேண்டிய வாசகத்தை ஒலிப் பாடம் படித்த மாணவர்களே எழுதட்டும். அவர்களுடைய அப்பாக்களின் வண்டிகளும் அந்த வழியாகத்தான் போகின்றன.